மாமாவும் சம்பந்தியும் ஒரே பட்டியலில்

சாய்ந்தமருது
20.04.1989

அன்பு மகன் காலிதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அந்த அரபு நாட்டு வெயிலில் நோன்பு பிடிக்கும் உன்னை அல்லாஹ் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே வாப்பாவுக்கு இழுப்பு குறையவில்லை. தங்கச்சி றாஹிலாவின் கலியாணம் ஏன் நின்றது என்று கேட்டிருந்தாய், அவர் எழுதமாட்டார், நான் எழுதுகிறேன்.

எல்லாம் இந்தத் தேர்தலால் வந்த வினை. முன்பென்றால் தொகுதிக்கு ஓர் ஆள், கட்சிக்கு ஒருவர்தான் நிற்பார், நல்லவரோ கெட்டவரோ வாசலில் போய் நின்று ஏசலாம். இந்தத் தடவை மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி, கட்சிக்கு ஒரு பட்டியல், அதற்குள் ஆளுக்கொரு இலக்கம். அந்தப் பட்டியலில் என் தம்பி, உன் மாமா முகைதீன்பாவாவும் நின்றான், மாப்பிள்ளை மசூரின் வாப்பா அபுல் ஹஸனும் நின்றார். மற்றக் கட்சியை ஒருவரும் ஏசவில்லை மகன், இவர்கள் ஒருவரையொருவர் ஏசத்தான் ஒலிபெருக்கிக்கு நேரம் போதவில்லை. ஒருவர் பட்டியலில் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம், இரண்டு பேருக்கும் போடச் சொன்னால் ஊருக்கு ஓர் ஆள் நிச்சயம் என்று நான் மாமாவிடம் தலையிலடித்துச் சொன்னேன். அவருக்கும் புள்ளடி போட்டா எனக்குப் போட்டு என்ன பிரயோசனம் ராத்தா என்று பாய்ந்தான். இரண்டு பக்கத்தாரும் தங்கள் ஆட்களைக் குர்ஆனில் கைவைத்து, ஓர் இலக்கத்துக்கு மட்டும் போடுவோம் என்று சத்தியம் செய்ய வைத்தார்கள். நான் இரண்டுக்கும் போட்டேன், கேட்டவர்களிடம் மறைக்கவுமில்லை. இரண்டு வீட்டுக்கும் நான்தான் துரோகி.

ஊர் வாக்கு இரண்டாகப் பிரிந்ததில், கட்சிக்குக் கிடைத்த ஒரே ஆசனம் நம் ஊரை எட்டிப்பார்க்காத வெளியூர்க்காரருக்குப் போனது. மறுநாளே அபுல் ஹஸன் வீட்டார் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். நோன்புக்கு முன்னமே வேறிடத்தில் மசூருக்கு நிக்காஹும் முடிந்தது.

போன வெள்ளிக்கிழமை வென்றவர் நோன்பு திறக்க ஊருக்கு வந்தார். மாமாவும் அபுல் ஹஸனும் சேர்ந்து நின்று மாலை போட்டு, கட்டிப்பிடித்து, அவரோடு ஒரே சஹன் தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டார்களாம். கொழும்பில் ஆட்சி நிலைக்க நாலு பேரைக் கூட்டுச் சேர்ப்பது போல, இவர்களுக்கும் இனி ஆளுக்கு ஆள் வேண்டுமாம். மாமா நேரே இங்கே வந்து, ஊருக்காக எல்லாத்தையும் மறந்திட்டம் புள்ள என்று றாஹிலாவிடம் சொன்னான். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நேரத்துக்குத் தொழு, விடியமுன் ஸஹருக்கு எழும்பிச் சாப்பிடு, உன் ஆயுளை அல்லாஹ் நீட்டித் தரட்டும். மறக்காதே, மாப்பிள்ளைக்கென்று வாங்கிய கைக்கடிகாரத்தை அனுப்ப வேண்டாம், நீயே கட்டிக்கொள்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
உம்மா அஸீஸா