நீங்கள் தமிழில் நடித்த ஒரே நாள்

அன்ரி,

நேற்று மார்க்கம் வீதிப் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் இருமல் இனிப்பு ஒன்றைப் பிரித்தார். யூக்கலிப்டஸ் மணம். நான் இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டி இரண்டு தரிப்பு போய்விட்டேன். அவ்வளவு நேரமும் வோபர்னில் உங்கள் ஏழாம் மாடி வீட்டில்தான் இருந்தேன். நீங்கள் ஜன்னலோரம் நின்று, அந்த இனிப்பை ஒரு கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு வசனம் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

அன்ரி என்று எழுதும்போதே பயமாக இருக்கிறது. "என்னைக் கிழவி எண்டு சொன்ன நியூயோர்க் டிரெக்டரைக்கூட மன்னிச்சிட்டன். அன்ரி எண்டால் மன்னிக்க மாட்டன்," என்று முதல் நாளே சொன்னீர்கள். வேறெப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு கிழமை உங்களைக் கூப்பிடவே இல்லை. கடைசியில் நீங்களே, "சரி, அன்ரி எண்டே கூப்பிடு. ஊமையோ எண்டு பயந்திட்டன்," என்றீர்கள்.

அம்மா உங்களை லிப்டில் சந்தித்து, ஒத்திகைக்கு ஆள் தேடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் என்னை அனுப்பினார். நான் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பின் முன்னால் நின்று பேசவேண்டிய நாட்களில் குரல் வராது. மூன்று முறை அப்படி நின்றேன். நான்காம் முறை போகவில்லை, பிறகு போகவே இல்லை. காலையில் பேக்கரியில் பணிஸ் பெட்டி கட்டுவேன், மிச்ச நேரம் வீடு. "கதைக்க மாட்டாள், ஆனால் தமிழ் நல்லா வாசிப்பாள்," என்று அம்மா சொல்ல, "கதைக்காத பிள்ளைதான் வேணும். கதைக்கிறதுக்கு நான் இருக்கிறன்," என்றீர்களாம்.

பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தாதிப் படிப்புக்கென்று நியூயோர்க் போனீர்கள். படிப்பின் நடுவில் ஒரு பாட்டுக் குழுவில் சேர்ந்தீர்கள், அதோடு சரி. அமெரிக்க மேடை, அமெரிக்கத் திரை, அமெரிக்கக் குடியுரிமை. இசை நாடகங்களில் பின்வரிசையில் நின்று பாடினீர்கள். படங்களில் மெக்சிக்கோ அம்மாவாக, பாரசீக விதவையாக, குறி சொல்பவளாக, ஒருமுறை நீதிபதியாகவும் வந்தீர்கள். "எல்லா நாட்டுக்காரியாயும் நடிச்சிட்டன். எங்கட ஊர்க்காரியாய் நடி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை," என்று சிரிப்பீர்கள்.

பல வருடங்கள் நீங்கள் மாற்று நடிகை. பிரதான நடிகைக்கு ஏலாமல் போனால் மட்டும் மேடையேற வேண்டியவர். முழு நாடகத்தையும் மனதில் வைத்துக்கொண்டு, உடைமாற்றும் அறையில் சுவெட்டர் பின்னியபடி ஒவ்வொரு நாளும் காத்திருப்பீர்களாம். ஒருநாள் அழைப்பு வந்தது. அப்படியான நாட்களில் மாற்று நடிகையின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சடித்து நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் செருகிவிடுவார்கள். அதைக் கண்டதும் சனம் முனகும். "அந்த முனகலைக் கேட்டுக்கொண்டுதான் மேடைக்குப் போறது. எனக்கு உசார் வந்ததே அதிலதான்," என்றீர்கள். முனகிய சனமே முடிவில் எழுந்து நின்று கைதட்டியது. அந்தத் துண்டைச் சட்டம் போட்டுக் குளியலறையில் மாட்டியிருந்தீர்கள்.

இத்தனைக்குப் பிறகு, வயதான காலத்தில் தங்கைக்குக் கிட்ட இருக்கவென்று வோபர்னுக்கு வந்தபோதும் உங்களுக்கு ஒரு ஆசை மிச்சமிருந்தது. உங்கள் கதையை நீங்களே எழுதி, தனியாக, தமிழில், மண்டபம் நிறைந்த சனத்தின் முன்னால் நடித்துப் பாடவேண்டும். தமிழில் நீங்கள் ஒருநாளும் மேடையேறியதில்லை. வைத்தியர் உங்கள் உயிருக்குச் சொன்ன கெடு உங்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு நீங்கள் சொல்லவில்லை.

பிக்கரிங்கிலிருந்து சோறு கறியோடு வரும் உங்கள் தங்கைக்கு அந்த யோசனை பிடிக்கவே இல்லை.

"அக்கா, உங்கட தமிழ் பத்தொன்பது வயசில நிண்டுபோச்சு. சனம் சிரிக்கும். ஆடப் போனவள் தமிழையும் துலைச்சிட்டாள் எண்டு சொல்லுவினம். இங்கிலிஷில செய்யுங்கோவன்."

"சிரிக்கட்டும். முதல் பாதி பகிடிதானே."

அவர் போனபிறகு நீங்கள் கறியைத் தொடவில்லை. நாடகம் எழுதிய கொப்பியை என்னிடம் நீட்டி, "முதல்ல இருந்து," என்றீர்கள்.

நீங்கள் மறக்கும் இடத்தில் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பது என் வேலை. முதல் ஒத்திகையில், உங்கள் அப்பாவின் கடிதத்தை வாசிக்கும் காட்சியில், திடீரென்று நின்றீர்கள். உடனே அடுத்த சொல்லைச் சொன்னேன். சோபாத் தலையணை பறந்து வந்தது.

"அது மறதி இல்லையடி! நிப்பாட்டினனான். சனம் அழுறதுக்கு நேரம் வேண்டாமோ?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே நீ இருக்கிறாய்!"

நீங்கள் நிறுத்தும் இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்தேன். அடுத்த நாள் வேறு இடத்தில் நிறுத்தினீர்கள். கடைசியில் கொப்பியை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கத் தொடங்கினேன். உண்மையாக மறந்தால் உங்கள் வலது பெருவிரல் சேலைத் தலைப்பின் ஓரத்தைத் தேய்க்கும். வேண்டுமென்று நிறுத்தினால் விரல் அசையாது. இதை உங்களுக்கு நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் விரலையும் நடிக்க வைத்திருப்பீர்கள்.

நாடகம் நடந்த அந்த ஞாயிறு பின்னேரம் வோபர்ன் மண்டபத்தில் கதிரை போதாமல் வெளியே இருந்து எடுத்து வந்து போட்டார்கள். தங்கை ஒழுங்கு செய்த வீடியோக்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள். "மேடையில நடக்கிறது மேடையோட முடியவேணும்," என்றீர்கள். தங்கை கோபத்தில் கடைசி வரிசையில் போய் இருந்துகொண்டார்.

சனம் சிரித்தது, நீங்கள் சிரிக்கச் சொன்ன இடங்களில். கடிதக் காட்சியில் நீங்கள் நிறுத்தியபோது ஒரு இருமல்கூட இல்லை. உங்கள் தமிழ் பழையதாகத்தான் இருந்தது. முன்வரிசையில் இருந்த வயதானவர்கள் சொல்லுக்குச் சொல் தலையாட்டினார்கள்.

பிறகு கடைசிப் பாட்டு. நீங்களே எழுதியது. மூன்றாவது அடியில் நின்றீர்கள். கீபோர்ட் அண்ணை அதே இசையைத் திரும்ப வாசித்தார். உங்கள் பெருவிரல் தலைப்பைத் தேய்த்தது.

திரைக்குப் பின்னால் இருந்து வரியைச் சொன்னேன். உங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். வகுப்பில் போலவே குரல் வெளியே வரவில்லை. திரையின் இடுக்கால் பார்த்தேன், கடைசி வரிசையில் உங்கள் தங்கை முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். ஆறு கிழமை பாடுபட்டது இந்த ஒரு வரியில் போய்விடும் என்று நினைத்தேன். அதற்குமேல் ஒன்றையும் நினைக்கவில்லை. கத்தினேன்.

"கடல் தாண்டி வந்த பின்னும் கால் இன்னும் காயவில்லை!"

அதே நொடியில்தான் கீபோர்ட் அண்ணையும் குழம்பிப்போய் வாசிப்பதை நிறுத்தியிருந்தார். என் குரல் மண்டபம் முழுக்கப் போனது. யாரோ சிரித்தார்கள். நீங்கள் மெல்லத் திரும்பி, திரையைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"பிள்ளை, இன்னொருக்காச் சொல்லு. என்ர தங்கச்சி கடைசி வரிசையில இருக்கிறா. அவவுக்குக் கேக்கேல்லை."

சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது. நான் சொன்னேன், இன்னும் பலமாக. நீங்கள் அந்த வரியை வாங்கிப் பாடிக்கொண்டு போனீர்கள். அப்படி ஒரு குரலை அந்த ஆறு கிழமையிலும் எனக்குக்கூட நீங்கள் காட்டியிருக்கவில்லை. கடைசிச் சுரம் முடிய முன்னமே சனம் எழும்பிவிட்டது. நீங்கள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். "விருப்பமில்லாட்டி வராதை," என்று விட்டுவிட்டு மேடைக்குப் போய், நான் நின்ற இருட்டை நோக்கிக் கையை நீட்டினீர்கள். கைதட்டல் முழுக்க என் பக்கம் திரும்பியது.

தங்கை பின்னால் வந்தார், கண்ணெல்லாம் சிவந்து. "அக்கா, அந்தப் பிள்ளை உள்ளுக்கிருந்து கத்தினது நல்ல ஐடியா."

"ஓம். ஆறு கிழமை ஒத்திகை பாத்தனாங்கள்," என்றீர்கள், கண் இமைக்காமல். நீங்கள் நடித்ததிலேயே மிகச் சிறந்த நடிப்பு அதுதான்.

அந்தக் குளிர்காலப் பனி கரைவதற்குள் போய்விட்டீர்கள்.

போன மாதம் உங்கள் தங்கை என்னைப் பிக்கரிங்குக்குக் கூப்பிட்டார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "இங்கிலிஷில அக்காவின்ர படம் எத்தினையோ இருக்கு. தமிழில ஒண்டுமில்லை. அண்டைக்கு அந்த வீடியோவையும் எடுக்க விடேல்லை," என்றார்.

"எனக்கு முழுக்கப் பாடம்," என்றேன்.

அவர் நம்பவில்லை. நான் எழுந்து தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று முதல் வசனத்திலிருந்து தொடங்கினேன். உங்கள் பகிடிகளுக்குச் சிரித்தார். கடிதக் காட்சியில் நிறுத்தினேன், நீங்கள் அன்று எவ்வளவு நேரம் நிறுத்தினீர்களோ அவ்வளவு நேரம். அவர் அழுதார். என் குரல் கடைசிப் பாட்டு வரைக்கும் அடைக்கவில்லை.

மூன்றாவது அடியில் நான் நின்றேன். மறந்து அல்ல. அந்த இடத்தில் நீங்கள் நின்றீர்கள் என்பதால்.

சோபாவிலிருந்து உங்கள் தங்கை அந்த வரியை எடுத்துக்கொடுத்தார், ஒரு சொல்லும் பிசகாமல். மிச்சத்தை நான் பாடினேன்.