முகக்கவசத்தை இறக்கிப் பேசியவர்கள்

உனக்கு அந்தத் தொற்று யாரிடமிருந்து வந்தது? இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. இனித் தெரிந்துகொள்ள வழியில்லை என்பது, கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிற எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கேள்வி போகவில்லை.

இன்று காலை அரியலூர் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். இருமிக்கொண்டே ஒரு பெரியவர் முகக்கவசத்தோடு வந்தார். "திருச்சி வண்டி போயிடுச்சுங்களா?" என்று கேட்பதற்காக அதைத் தாடைக்கு இறக்கினார். இல்லை என்றதும் மறுபடி மூக்குவரை ஏற்றிக்கொண்டு நகர்ந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன். அழுகை வரவில்லை. அப்போதும் வரவில்லை.

கொரோனா இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, கல்லூரி மூடிக் கிடந்ததால் எங்களைக் காய்ச்சல் கணக்கெடுப்புக்குப் போட்டார்கள். எனக்குக் குன்னம் பக்கத்துக் கிராமங்கள். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீ டாக்டர். பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்த நாம் நாற்பது வயதுக்கு மேல் ஒரே ஜீப்பில் போனோம்.

"ஒரு முழத் துணி கிருமிய நிறுத்திடுமாக்கும்?" என்று கேட்டேன்.

"நிறுத்தாதுடி, குறைக்கும். குறையுறதுக்கு மதிப்பு இல்லன்னா நீ என்னத்தக் கணக்கு சொல்லித் தர்ற?" என்றாய்.

ஓர் ஊரில், களத்தில் சின்ன வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒழுங்காக மூக்கை மூடித்தான் இருந்தார்கள். நீ ஜீப்பை விட்டு இறங்கியதும் எழுந்து நின்றார்கள். தோள் துண்டை எடுப்பதுபோல, ஒவ்வொருவராகக் கவசத்தைத் தாடைக்கு இறக்கினார்கள். பிறகு கிட்டே வந்து பேசினார்கள்.

"மேல ஏத்துங்க, மேல ஏத்துங்க" என்றாய்.

"அது எப்புடிங்கம்மா? வாயக் கட்டிக்கிட்டு டாக்டரம்மாகிட்டப் பேசுனா திமிருன்னு நெனைக்க மாட்டீங்க?" என்றார் ஒருவர்.

அவர் மனைவி வெங்காயக் கூடையிலிருந்து நிமிரவே இல்லை. "வூட்ல வாயத் தொறக்கவே மாட்டாருங்கம்மா. ஒங்களக் கண்டாத்தான் கட்டு அவுருது."

களமே சிரித்தது. நீயும் சிரித்தாய். கண் சுருங்கியதில் தெரிந்தது.

திரும்பும்போது நான் கடுமையாகச் சொன்னேன்: ஜீப்பிலிருந்தே மைக்கில் பேசு, கிட்டே விடாதே. "எதுத்துப் பேசுனா திட்டலாம். மரியாதை குடுக்கறவங்கள எப்புடிடி திட்டறது?" என்றாய். மறுநாளும் இறங்கினாய். அதற்கடுத்த நாளும்.

திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து போனில் ஒரே ஒரு தடவை பேசினாய். "மூச்சு விடறதே வேலையா இருக்கு" என்றாய். பிறகு, "அந்த ஊர்ல யாருக்காவது காய்ச்சலா?" இல்லை என்றேன். நான் போன வீடுகளில் அன்றுவரை யாருக்கும் இல்லை. அதற்கு நீ ஏதோ சொன்னாய், இருமலில் புரியவில்லை.

அரியலூர் மயானத்துக்கு உன்னைச் சுற்றிக் கட்டித்தான் கொண்டுவந்தார்கள். உன் தம்பி மட்டும் பாதுகாப்பு உடையில் உள்ளே போனான். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் அறுத்தது. எனக்கு அது ஒன்றுதான் உறைத்தது.

உன்னைப்போல் எதையும் நம்புகிறவளாக நான் மாறிவிடவில்லை. யாராவது பேச நெருங்கினால் ஓர் எட்டுப் பின்னால் வைக்கிற பழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. ஸ்டாஃப் ரூமில் தலைக்கனம் என்கிறார்கள். விளக்கம் சொல்வதில்லை. நீ எடுத்து வைக்காத எட்டு அது. உனக்காக நான் வைக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பாய். ஆனால் வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மயானத்துக்குப் போய்வந்த மறுநாள் நான் லீவு போடவில்லை. அதே ஊருக்குப் போனேன். களத்தில் அந்தம்மா, கணவரைக் கிண்டல் செய்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கவசம் மூக்குக்கு மேலே இருந்தது. எட்டத்திலேயே நின்றார்.

"பாத்தீங்களா, ஏத்தியே வச்சிருக்கேன். டாக்டரம்மாகிட்டச் சொல்லுங்க. ஆமா, அவங்க வரலீங்களா?"

நான் பக்கத்தில் போனேன். கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சொன்னேன்.