தாய்மீனின் பெயர்

ஈரோடு
2 செப்டம்பர் 1998

அன்புள்ள வான்மதிக்கு,

உனக்கு ஏழாம் மாதம் பிறந்திருக்குமே, உடம்பைப் பார்த்துக்கொள். சோம்பேறி, கடிதமே காணோம்!

ஒரு உதவி. நான் மொழிபெயர்க்கும் நாவலில் பணக்கார விருந்து ஒன்று வருகிறது. அதில் 'கேவியர்' பரிமாறுகிறார்கள். 'மீன் முட்டை' என்று எழுதினால் பதிப்பாசிரியர் முகம் சுளிக்கிறார். நீ சாப்பிட்டிருக்கிறாயா? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

உன் வீட்டுக்காரர் செழியன் அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

உன்
செல்வநாயகி

கேட்டி, டெக்சஸ்
18 செப்டம்பர் 1998

அன்புள்ள செல்வி,

லைப்ரரி அகராதியில் பார்த்தேன். பாரசீகச் சொல், துருக்கி வழியாக வந்ததாம். 'முட்டை சுமப்பது' என்பதே மூலப்பொருள் என்று ஒரு கருத்து. அப்படியானால் முதலில் அது தாய்மீனின் பெயர். பிறகு பெயர் முட்டைக்குப் போய்விட்டது. மீனை யாரும் நினைப்பதில்லை. இங்கே தட்டைப்பயறு சாலட்டைக்கூட 'டெக்சஸ் கேவியர்' என்கிறார்கள்.

அசல் கேவியரைப் போன வாரம் செழியனின் கம்பெனி டின்னரில் பார்த்தேன். கறுப்பாக, மினுமினுப்பாக இருந்தது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்களாம். "அப்புறம் அந்த மீன் என்ன ஆகும்?" என்று கேட்டேன். மேஜையே சிரித்தது. "சும்மா இரு வான்மதி, எல்லாரும் பாக்கறாங்க," என்றார் செழியன். நான் எழுந்து போய்விட்டேன்.

'மீன்சினை' என்று போடு. அதுதான் சரி.

வான்மதி

ஈரோடு
5 அக்டோபர் 1998

வான்மதி,

சொல் கிடைத்தது, நன்றி. ஆனால் உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. குழந்தையைப் பற்றியும் இல்லை. என்னடி ஆச்சு? எனக்கு மனசே சரியில்லை.

செல்வி

கேட்டி
22 அக்டோபர் 1998

செல்வி,

ஆகஸ்டிலேயே போய்விட்டது. பெண். என் கையில் கொடுத்தார்கள். செழியன் வாங்கவில்லை, காரில் போய் உட்கார்ந்துகொண்டார். "ஊருக்கு இப்போ சொல்லாதே, எல்லாரும் ஃபோன் பண்ணி அழுவாங்க," என்றார். எனக்கு ஒரு மாறுதலாக இருக்கும் என்றுதான் அந்த டின்னருக்கும் கூட்டிப்போனார்.

அவர் கெட்டவர் இல்லை. ஃப்ரீவேயில் தனியாக டிரைவ் பண்ணும்போது அழுவார் போலிருக்கிறது; வரும்போது கண் சிவந்திருக்கும். வீட்டில் மட்டும் அவளைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது.

நேற்று நானே கேட்டேன்: "அவளுக்கு ஒரு பேர் வெக்கலாமா?"

"எதுக்கு? முடிஞ்சு போச்சு, வான்மதி."

அடுத்த மாதம் கிளம்பி வருகிறேன். ஏர்போர்ட்டில் அவரே கொண்டுபோய் விடுவார். திரும்பி வர டிக்கெட் போடவில்லை. அவரும் கேட்கவில்லை.

அம்மாவிடம் நீயே நேரில் போய்ச் சொல்லிவிடு. நான் வந்து இறங்கும்போது யாரும் என் வயிற்றைப் பார்க்கக் கூடாது.

வான்மதி