ஐந்து நாள் நடை

மார்ச் 11, சோனாப்பூர் லேபர் கேம்ப், துபாய்.

மேல் கட்டில் பாசாங்கின் அம்மா இறந்துவிட்டார். மதியம் சைட்டில் இருக்கும்போது நேபாளத்திலிருந்து போன் வந்தது. ஃபோர்மேன் பத்து நாள் லீவு கொடுத்தார். ரூமுக்கு வந்ததும் நானே அவன் பையை இறக்கி வைத்தேன்.

"ஐஸ் பெட்டியில வைக்கச் சொல்லு பாய். நீ போற வரைக்கும் தாங்கும்" என்றேன். எங்கள் ஊரில் அப்படித்தான். என் அப்பா எனக்காக இரண்டு நாள் அதில் கிடந்தார்.

பாசாங் பையை மூடினான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அவன் வீட்டுக்கு ஐந்து நாள் மலையில் நடக்க வேண்டுமாம். நடுவில் இரண்டு பனிக் கணவாய்கள். அங்கே டவர் கிடையாது. அவன் தம்பி கீழே இறங்கி வந்துதான் போன் செய்திருக்கிறான்.

"எரிச்சிட்டுத்தான் தம்பி கெளம்பியிருக்கான் பாய். சேதி வரவே அஞ்சு நாள். நான் போக அஞ்சு, திரும்ப அஞ்சு. லீவு கலாஸ், முடிஞ்சிடும். நான் போகல."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சாயங்காலம் அவனைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். டியூட்டி ஷூவோடு கேம்ப் சுவரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். சட்டை நனைந்திருந்தது.

"போதும், வா பாய்."

"இன்னைக்கு எங்க மலை அடிவாரம்தான் தாண்டியிருக்கேன்" என்றான். "இன்னும் நாலு நாள் இருக்கு."