உள்ளே ஆள் இருக்கிறது

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நலம் என்று எழுதுமுன் இந்த முறை பேனா சற்று நின்றது. பொய் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் எழுதினேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், அம்மா நடுவில் புகுந்து பாதியை அவளே சொல்லிவிடுவாள், அதனால் கடிதம்.

நேற்றுக் காலை அந்த நடைச் சோதனைக்குப் போனோம். எனக்கு மாரடைப்பு வந்து நான்கு மாதம். குழாய் விட்டு மிச்ச அடைப்பையும் நீக்க வேண்டும் என்கிறார்கள், செத்த தசை செத்ததுதான், மறுபடி எதற்கு ஆஸ்பத்திரி என்பது என் கட்சி, அதற்காகத்தான் நீ மூன்று வாரமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மார்பில் ஒயர்களை ஒட்டி, ஓடுகிற பட்டையில் ஏற்றிவிட்டார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் கூடும், மேடும் கூடும். முப்பத்தொரு வருடம் தபால் கொடுத்த காலுக்கு இது ஒரு நடையா என்று நடந்தேன். ஆனால் பத்தடிக்கு ஒரு முறை கால் தானாக நிற்கிறது. வீட்டுக்கு வீடு நின்ற பழக்கம். நின்றால் பட்டை பின்னால் இழுக்கிறது. அம்மா ஓரத்திலிருந்து, "அங்கயும் யாரோ பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போடணும் போல" என்றாள். கருவி பார்க்கும் பெண் சிரித்துவிட்டு, "ஐயா, இந்தத் தெருவுல வீடே இல்ல, நிக்காம நடங்க" என்றாள்.

ஏழாவது நிமிடம் நெஞ்சில் லேசான பாரம். இதயத் துடிப்பு ஓடும் திரையில் ஒவ்வொரு கூர்முனைக்குப் பிறகும் சமமாக வர வேண்டிய கோடு தாழ்ந்தது. நிறுத்தினார்கள். மூச்சு அடங்க அடங்க, கோடும் பழைய மட்டத்துக்கு ஏறியது.

பிறகு டாக்டரம்மா ஸ்கேனில் இதயத்தைக் காட்டினார். கறுப்பு வெள்ளை. ஐம்பத்தேழு வருடமாக ஒரு நாள்கூட விடுப்புக் கேட்காத ஆளை நேற்றுத்தான் முதலில் பார்க்கிறேன். கீழே ஓர் இடம் மட்டும் அசையவில்லை. சுற்றியிருப்பவை அதன் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தன. அது தழும்பு, திரும்பாது என்றார். நான்தான் சொன்னேனே என்றேன். "அவசரப்படாதீங்க. செத்த இடம் வாயே திறக்காது. நடக்கும்போது கோடு இறங்குச்சே, அது உயிரோட இருக்குற தசை. ரத்தம் பத்தலன்னு கேக்குது" என்று அந்தக் கோட்டை அச்சடித்த நீளக் காகிதத்தைக் கையில் கொடுத்தார்.

தட்டியும் கதவு திறக்காத வீட்டுத் தபாலில் 'ஆள் இல்லை' என்று எழுதித் திருப்புவோம். ஒரு முறை அப்படி எழுதிப் பேனாவை மூடும்போது உள்ளே யாரோ இருமினார்கள். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி கதவைத் தட்டினேன். நேற்று அந்தக் காகிதத்தில் அதே இருமல். இரண்டு சின்னக் கட்டம் தாழ்ந்த கோடு, அவ்வளவுதான். எனக்குள்ளிருந்து.

வியாழக்கிழமை குழாய் விடச் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. மாப்பிள்ளையைச் சும்மா வம்புக்கு இழுக்காதே. இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள். உறையில் கதவு எண்ணை மறக்காமல் எழுது, தபால்காரன் மகள் எழுதிய கடிதம் போன முறை மூன்று தெரு சுற்றி வந்தது.

வெள்ளிக்கிழமை போன் செய். நானே எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா