நாற்பது வார்களுக்கு ஒரே அளவு

மார்ச் 3, திங்கள்

ஆயுத அறை ஏட்டு தீர்த்தகிரிதான் என் வலது தோளைக் கெடுத்தவர்.

தினமும் காலையில் துப்பாக்கியை வாங்கியதும் தோள் வாரை என் அளவுக்குச் சுருக்குகிறேன். மாலையில் ஒப்படைக்கிறேன். மறுநாள் அது ஆறடி ஆளுக்கான நீளத்தில் தொங்குகிறது. நான் ஐந்தடி இரண்டங்குலம். சுருக்கினாலும் தேய்ந்த கொக்கி நழுவிவிடுகிறது; கருவூல வாசலில் காவலுக்கு நடந்தால் துப்பாக்கியின் கட்டை தொடையில் இடிக்கிறது.

ஏன் நீட்டிவைக்கிறார் என்று இன்று கேட்டே விட்டேன்.

"நாப்பது துப்பாக்கியும் ஒரே மட்டமாத் தொங்கோணும் சாமி. அதிகாரி வந்து பார்த்தா அழகா இருக்கோணுமல்ல?"

"அப்ப எங்களையும் ஒரே மட்டத்துக்கு இழுத்து உட்ருங்க ஏட்டையா."

சிரித்தார். ஒன்றும் உறைக்கவில்லை.

மார்ச் 5

நர்மதாவும் என்னைப் போல் பெண் காவலர்தான். என்னைவிடக் குள்ளம், அதே காவல் பணி. "உனக்காச்சும் தொடை. எனக்கு முட்டியில தாளம் போடுது" என்கிறாள். மனுக் கொடுப்போம் என்றேன். "நீ எழுது, நான் கை தட்டறேன்." நல்ல தோழி.

மார்ச் 9, ஞாயிறு

விடுப்பில் நாமகிரிப்பேட்டை வீடு. என் தோளில் கன்றியிருந்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

"போலீசு வேலைன்னு போயி மஞ்ச மூட்டையா செமக்கற?"

வார் நீளம் என்று விளக்கினேன். "உங்கப்பன் மருந்தடிக்கற டேங்க்கை இப்பிடித் தொங்க உட்டா ஒரு பாத்தி தாண்டுவாரா? ஏத்திக் கட்டறதுக்கு என்ன கேடு?"

கேடு ஏட்டையாதான் அம்மா.

மார்ச் 12

20ஆம் தேதி சுடும் தேர்வு. ஐம்பதுக்கு நாற்பது எடுத்தால் மாநிலப் போட்டிக்கான பயிற்சி. இல்லையென்றால் இன்னொரு வருடம் கருவூல வாசல். போன வருடம் முப்பத்தேழு. படுத்துச் சுடும்போது வாரை இடது கையில் இறுக்கிச் சுற்றினால்தான் குழல் அசையாது. என் வார் துணிக்கொடி மாதிரி தொய்ந்து கிடந்தது.

அதனால் வேறு வார் தேடினேன். அலமாரியில் இருந்த நைலான் வார் ஒல்லி, கழுத்தெலும்பை அறுக்கிறது. தோல் வார் விறைத்துப்போய் வளையவே இல்லை. அகலமான பழைய பருத்தி வார்தான் தோளில் பதமாக உட்காருகிறது. அப்படி மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அதைக் கொண்டு ஏட்டையா தம் சோற்றுத் தூக்கை வண்டியில் கட்டியிருந்தார்!

"அரசாங்கச் சொத்துங்க ஏட்டையா."

"எடுத்துக்க கண்ணு. கொழம்பு வாசம் அடிச்சா என்னையக் கேக்கப்படாது."

அடிக்கிறது. இருக்கட்டும். அளவு பார்த்தேன் — தோளில் மாட்டினால் கட்டை இடுப்புக்கு மேலே நிற்கிறது, இடுப்புக்கும் கட்டைக்கும் நடுவே உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி. முதன்முறையாக மாலைவரை கை மரத்துப்போகவில்லை.

மார்ச் 19

தைத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஆண்டு ஆய்வாம். ஏட்டையா தையற்காரரை வரவழைத்து நாற்பது வாரையும் ஒரே நீளத்தில் கறுப்பு நூலால் தைக்க வைத்திருக்கிறார். என்னுடையதையும்தான். "இனி ஒருத்தரும் கை வெக்க முடியாது" என்று பெருமை வேறு.

நாளைக்குத் தேர்வு. இப்பப் போயி... என்ன மனுசனய்யா!

மார்ச் 20

சுடும் தளத்தில் பிளேடு போட்டுத் தையலை அறுத்தேன். நர்மதா முன்னால் மறைத்து நின்றாள். வாரை இறுக்கிச் சுற்றிப் படுத்தேன்.

நாற்பத்து நான்கு.

மார்ச் 21

குறிப்பாணை. அரசு உடைமையைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு. எழுதிக் கொடுத்தேன்: "அறுத்தது நான்தான். அந்த வார் யாருடைய உயரத்துக்குத் தைக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

மார்ச் 25

என் விளக்கத்தை எந்தக் கோப்பில் புதைத்தார்களோ. பயிற்சிக்குப் போகும் ஆணை மட்டும் வந்தது. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 28

பயிற்சிக்குக் கிளம்புமுன் கடைசி நாள் பணி. துப்பாக்கியை ஒப்படைக்கப் போனேன். ஏட்டையா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நர்மதாவின் வாரில் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேசையில் ஆறு துப்பாக்கிகள், என் கையிலிருந்ததோடு ஏழு. பெண்கள் எடுப்பவை மட்டும்.

"பொம்பளப் புள்ளைகளுக்குச் சலுகை" என்றார், தலை நிமிராமல்.

சலுகையா? எங்களோடு வாசலில் நிற்கும் ஜெயபிரகாஷ் ஐந்தடி ஐந்துதான். ஆம்பளை என்பதால் வாயே திறக்காமல் நொண்டிக்கொண்டு போகிறான்.

"மிச்சம் முப்பத்து மூணையும் பிரிங்க ஏட்டையா."

பிளேடில் ஒட்டியிருந்த நூலை ஊதித் தள்ளிவிட்டு, எட்டாவது துப்பாக்கியை எடுத்தார்.