மேற்குப் பக்கச் சுவர்

ஆனி 3, வெள்ளி
வெயில். மேல்காற்று. கிணற்றடியில் விழுந்து காலில் கட்டுப் போட்டு நாலாம் மாதம். இந்தக் கட்டில், இந்த ஒரு ஜன்னல். மருமகள் இன்றும் உப்பில்லாத கஞ்சி. வேண்டுமென்றேதான்.
ஜன்னலுக்கு எதிரே, கூத்து மைதானத்தில் ஊர்ப் பொது மண்டபம் வரப்போகிறது. நாடகம், பாட்டு, கதை எல்லாவற்றுக்கும். என் மகன் முனுசாமிதான் மேஸ்திரி. மதராஸ் இன்ஜினியர் வெள்ளிக்கு வெள்ளி வருகிறார். இன்று சொன்னது: "வேப்பமரத்த வெட்டாதீங்க. மண்டபம் அதச் சுத்தி வளையட்டும். மேற்கே சுவரே வேணாம், தூண் போதும். ஆத்துக் காத்து உள்ள வரட்டும்."
மேற்கு என்றால் என் ஜன்னல் பக்கம். படுத்தபடியே கூத்துப் பார்க்கலாம்.
கூடவே கமிட்டித் தலைவர் வரதப்பன். அவரோடு பேசி முப்பது வருஷம். இதே மைதானத்தில், முனுசாமி வயிற்றில் எட்டு மாதம், முன்வரிசையில் இருந்த என் பாயை உருவிப் பின்னால் எறிந்தவர். சிவப்புக் கரைப் பாய்.

ஆனி 6, திங்கள்
காற்று ஜாஸ்தி. ஆற்றோரத் தோல் கிடங்கில் தோல் ஊறவைக்கும் தொட்டியைத் திறந்திருக்கிறார்கள். நாற்றம் என் வீட்டைத் தாண்டி நேரே மைதானத்துக்கு. நமக்குப் பழகிய மூக்கு. கணியம்பாடி வளையல்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "எப்டி ஆயா சோறு எறங்குது?" என்றாள்.
அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை கிடங்குக்கு லீவு. முதலாளி சாயபு தொழுகைக்குப் போய்விடுவார், தொட்டி திறப்பதில்லை. இன்ஜினியர் வேறு கிழமையில் வந்ததே இல்லை. வெளியூர்ப் பாட்டுக்காரன் இங்கே வாய் திறப்பானா?
சொன்னால் மண்டபத்தைத் திருப்பிப் போடுவார்கள். முழுச் சுவர் என் ஜன்னல் முன்னால்.
சொல்லவில்லை. வரதப்பன் அசிங்கப்படட்டும்.

ஆனி 7, செவ்வாய்
வெளியே வரதப்பன் குரல்: "இன்னா கொற வந்தாலும் உன் தலதான் மேஸ்திரி."
முனுசாமி, "சரிங்க."
கஞ்சி இறங்கவில்லை. மத்தியானம் அவனைக் கூப்பிட்டு நாற்றத்தைச் சொன்னேன்.
"தெரியும்மா. அளவெடுத்த அன்னிக்கே தெரியும்."
"தெரிஞ்சுமா வாய மூடிக்கினு இருந்த?"
"உனக்கு இருக்கறது ஒரு ஜன்னல்."
திட்டினேன். சாப்பிடாமல் போனான்.

ஆனி 9, வியாழன்
மேகமூட்டம். தொட்டி திறந்திருக்கிறது. அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டினார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தேன். வலியில் உயிர் போயிற்று.
"தலைவரே, இங்க வாங்க."
வந்தார். கிடங்கு, காற்று, வெள்ளிக்கிழமை, எல்லாம் சொன்னேன். மேற்கே திரும்பி மோந்து பார்த்தார்.
"ஆமா. எம் மச்சான் மதராசுலேர்ந்து வந்தா ஒரு ராத்திரி தங்க மாட்டான்." கயிற்றையும் என் ஜன்னலையும் பார்த்தார். "திருப்புனா சுவர் உன் ஜன்னலாண்ட வருமே."
"தெரியும். எம் மவன் தல உருளக் கூடாது. பாய நான் மறக்கல, அது வேற."
"எந்தப் பாய்?"
கயிற்றைக் கையால் காட்டினேன்.
"மேஸ்திரி, கயித்த மாத்து. மதராசுக்கு நான் எழுதிக்கறேன்."
முனுசாமி என் பக்கம் திரும்பவே இல்லை. அவிழ்த்தான், மாற்றிக் கட்டினான்.
கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தேன். சுவருக்குக் கட்டிய கயிறு எட்டுகிறது.